ஒரு மகள், நாற்பத்தெட்டு முகம்

எங்கள் ஆபீஸ் நிர்வாக அதிகாரி செய்தது அநியாயம். பெயர் போடவில்லை. தில்லியிலும் இந்தப் பத்திரிகையைத் தேடி வாங்கிப் படிக்கிற தமிழர் அவர். புரிந்துகொள்வார்.

என் பக்கத்து மேஜை சரோஜா, கிளார்க். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். போன வாரம் கோல் மார்க்கெட் ஸ்டூடியோவில் மகளின் போட்டோவை ஸ்கேன் செய்து, ஃப்ளாப்பியில் கொண்டுவந்தாள்.

"அக்கா, இதை என் கம்ப்யூட்டர்ல வால்பேப்பரா வெச்சுத் தர்றீங்களா?"

வைத்தேன். 'சென்டர்' என்று கொடுப்பதற்குப் பதில் 'டைல்' என்று கொடுத்துவிட்டேன். படமோ தபால்தலை அளவு. வரிசைக்கு எட்டு, ஆறு வரிசை... திரை முழுக்க நாற்பத்தெட்டு மகள்கள்!

"ஐயோ, ஒருத்தியோட சண்டை போட்டே முடியலை!" என்று சிரித்தாள் சரோஜா.

லஞ்ச் முடிந்து மாற்றலாம் என்று எழுந்துபோனோம். அந்த நேரம் பார்த்து அதிகாரி ரவுண்ட்ஸ் வந்திருக்கிறார். திரும்பி வந்தால் மெமோ! 'அரசுக் கம்ப்யூட்டரில் 48 சொந்தப் புகைப்படங்களைச் சேமித்தது ஏன்?' போதாததற்கு, நோட்டீஸ் போர்டிலும் ஒரு காப்பி.

இந்த மாதம் பிரமோஷன் லிஸ்ட் போகிறது. ஃபைலில் மெமோ இருந்தால் சரோஜாவின் பெயர் அடிபடும். பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

நேராக அவர் அறைக்குப் போனேன். "சார், படம் ஒண்ணுதான். தப்பு என்னோடது. மெமோவை எனக்குக் குடுங்க."

"அச்சா? அப்ப மீதி நாப்பத்தேழு?"

கையோடு அழைத்துவந்து, அவர் கண் முன்னால் 'சென்டர்' கொடுத்தேன். நடுவில் ஒரே ஒரு பெண்.

"மத்ததையெல்லாம் டெலீட் பண்ணிட்டீங்களா?"

"இருந்தாத்தானே சார் டெலீட் பண்ண!"

செக்‌ஷனே சிரித்தது. அவர் என்னைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "புரியுதும்மா. ஆனா மெமோவை வாபஸ் வாங்கினா, மதராஸி மதராஸிக்குச் சலுகை காட்டறான்னு பேசுவாங்க."

இதுதான் தில்லித் தமிழ் அதிகாரிகளின் வியாதி. பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். ஆபீஸில் நம் தலையைத்தான் முதலில் வெட்டுவார்கள் — நேர்மையாம்! எதிர் மேஜை சர்மா தன் திரையில் இமயமலையையே வைத்திருக்கிறார். அதைப் பார்த்து "பஹுத் அச்சா" சொன்னவரும் இவர்தானே?

மேஜைக்குத் திரும்பி, அவர் சொன்னதை எல்லோரிடமும் சொன்னேன். இன்னும் கத்தியிருப்பேன். அதற்குள் சர்மா ஒரு பேப்பரை எடுத்து மனு எழுத ஆரம்பித்துவிட்டார். மெமோவை ரத்து செய்யச் சொல்லி! முதல் கையெழுத்து அவருடையது. "லாவோ, லாவோ, ஜல்தி!" என்று செக்‌ஷன் முழுக்க அந்தப் பேப்பருக்குக் கை நீட்டியது. பதினாலு கையெழுத்து. அதில் தமிழர் ஒருவர்கூட இல்லை — என்னையும் சரோஜாவையும் போட விடவில்லை, கெட்டிக்காரர்கள்.

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். "பார்க்கலாம்" என்றார். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. மனிதர் கெட்டவரில்லை, பயந்தவர். சரோஜா படத்தை எடுக்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இருக்கிறது.

சார், யார் பேசுவார்கள் என்று பயந்தீர்களோ, அவர்களே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மெமோவை ஊரறிய ஒட்டினீர்களே... ரத்து உத்தரவை அதே போர்டில் என்றைக்கு ஒட்டப்போகிறீர்கள்? எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்!