கைராசி இல்லாத மெஷின்

தையல் மெஷின் என்றால் எனக்கு ஆகாது. இதைச் சொன்னால் பெண்களே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்தக் கறுப்புச் சனியனோடு ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவள் நான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். காருக்குள் ஓடுகிற வயர்களைச் சேர்த்துக் கட்டி, சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புகிற வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ் வரும். அதில் தூங்குவோம், சண்டை போடுவோம், ஒரே டப்பாவில் கை விட்டுப் புளிசாதம் சாப்பிடுவோம். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணமாகி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்ததும் என் மாமியார் அதற்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். தறிக்காரர் வீட்டு மருமகள் ஷிப்டுக்கு பஸ் ஏறக் கூடாதாம். ஊரெல்லாம் பட்டுச் சேலை, ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஜாக்கெட் துணி, உட்கார்ந்த இடத்தில் தைத்துக் கொடுத்தால் போதாதா என்பது அவர் கட்சி. கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தறியிலேயே கண்ணாக இருந்தார். அடுத்த வாரமே மாமியார் கடைக்குப் போய், நின்று பார்த்துப் பொறுக்கி, ஒரு மிதி மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

தைக்கத் தெரியாதவள் இல்லை நான். ப்ளஸ் டூ லீவில் கற்றுக்கொண்டதுதான். மறந்து போனதைப் போனில் வீடியோ பார்த்துத் தேற்றிக்கொண்டேன். முதல் சில நாள் மெஷினும் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது வம்பு. மேலே பார்த்தால் தையல் நேராக இருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொசகொசவென்று சிக்கிக் குருவிக்கூடு கட்டியிருக்கும். சாதாரணத் துணி என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். பட்டு அப்படி மன்னிக்காது. ஊசி இறங்கிய ஓட்டை இறங்கியதுதான். பிரித்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நின்று காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் தெரு அம்மா ஒருவர் மகளுடைய நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த ஜாக்கெட்டை அப்படித்தான் கெடுத்தேன். அவர் அதைப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே கும்பிடுகிற கை பொம்மை வேறு.

ஊசியை மாற்றினேன். அடி நூல் சுற்றிய பாபினை மாற்றினேன். அடியில்தானே சிக்குகிறது என்று அடிப்பக்கத்தையே கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் பலிக்காமல் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் மண்ணெண்ணெய் தொட்டு மெஷினைத் தலையோடு காலாகத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு கந்தலில் ஓட்டிக் காட்டினார். சொன்னபடி கேட்டது சனியன். மெஷினில் குறை எதுவும் இல்லை, என் கால்தான் அவசரப்படுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்து சில நாளில் மறுபடி குருவிக்கூடு. மறுபடி அவர் வருவார், துடைப்பார், ஓட்டுவார், என் காலைக் குறை சொல்வார்.

மாமியார் காலைச் சொல்லவில்லை. கையைச் சொன்னார். எனக்குக் கைராசி இல்லையாம். எங்கள் தெருவில் இது லேசான பேச்சு கிடையாது. தறியில் நெடுக ஓடுகிற நூலான பாவு ஒன்று முடிந்து புதுப் பாவு வந்தால், பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை முறுக்கிப் பிணைக்க வேண்டும். பெண்கள் உட்கார்ந்து செய்வோம். முதல் இழையை யார் கை தொடுகிறது என்று பார்ப்பார்கள். நான் வந்ததிலிருந்து அந்த முதல் இழை என்னுடையதாக இருந்தது. அந்த ஜாக்கெட் போட்டோவுக்குப் பிறகு புதுப் பாவு வந்த அன்று, மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என்னிடம் காபி போடச் சொன்னார். காபியில் சர்க்கரை போடவில்லை, வேண்டுமென்றேதான்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து பழைய சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார். லைனில் ஒரு இடம் காலியாகிறது, மாசக் கடைசிக்குள் வந்தால் எனக்கு, இல்லாவிட்டால் வேறு பெண்ணுக்கு. எனக்கு அந்த இடம் வேண்டும். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், சண்டை என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பவர். மெதுவாக ஒரு வழி சொன்னார்.

"மெஷின அப்படியே வுட்டுடு. இன்னும் ரெண்டு ஜாக்கெட்டு கெட்டா அம்மாவே வேணாம்னுடுவாங்க. அப்பால நீ பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கினு இரு."

சுலபமான வழிதான். ஆனால் அந்த வழியில் போனால், கைக்கு எதுவும் விளங்காமல் கம்பெனிக்கு ஓடியவள் என்று சாகிற வரைக்கும் சொல்வார்கள். ஒவ்வொரு புதுப் பாவுக்கும் காபி போடவா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனியில் ஒரு வயர் கட்டு சோதனையில் தோற்றால், கடைசியாக எப்போது சரியாக இருந்தது, நடுவில் என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்போம். இதையும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். மெக்கானிக் வந்து போனால் வியாழன் வரைக்கும் நன்றாக ஓடுகிறது. சனிக்கிழமை சிக்குகிறது. நடுவில் இருப்பது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நான் மெஷினைத் தொடுவதே இல்லையே. தொடுவது மாமியார்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டைக் கழுவிவிட்டு, நிலைப்படி, தறி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மெஷினுக்கும் வைப்பார். அந்த வெள்ளிக்கிழமை கூடவே நின்று பார்த்தேன். ஊசிக்கு மேலே உருண்டையாக ஒரு திருகு இருக்கிறது. அதன் பின்னால் இரண்டு சின்னத் தட்டுகள், மேல் நூல் அவற்றின் நடுவே நுழைந்து இறுக்கம் வாங்கிக்கொண்டு போகும். அவர் கண்ணுக்கு அந்தத் திருகுதான் மெஷினின் நெற்றி. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அங்கே அப்பினார். அது வழிந்து தட்டுகளுக்கு நடுவே இறங்கியது.

அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு துணிக்கிழிசலை அந்த இடுக்கில் விட்டு இழுத்தேன். ஈரச் சந்தனத்தோடு பழைய சந்தனமும் காய்ந்த தூளாக உள்ளங்கையில் கொட்டியது. தட்டுகள் மூட வழியில்லாமல் நூல் தொளதொளவென்று போய் அடியில் குவிந்திருக்கிறது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். என் காலையும் கையையும் குறை சொன்ன ஒவ்வொரு வாயும் ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்று கோபம் வந்தது.

தட்டுகளைச் சுத்தமாகத் துடைத்தேன். மறுநாள் மாமியார் வரதர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்தேன். என் கையில் கொடுக்க மனமில்லாமல் அவர் ஒளித்து வைத்திருந்த அரக்குப் பட்டு ஜாக்கெட் துணி அங்கே இருந்தது. கேட்காமல் எடுத்தேன். அவருடைய பழைய ஜாக்கெட்டை வைத்து அளவு பார்த்து வெட்டினேன். கெட்டால் அந்த வீட்டில் எனக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது. கொக்கி வரைக்கும் தைத்து முடித்து அவர் வந்ததும் நீட்டினேன்.

அவர் எடுத்த எடுப்பில் உட்பக்கத்தைத் திருப்பினார். தையல் நெடுக நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு சிக்கல் இல்லை. நான் சந்தன விஷயத்தைச் சொன்னேன். சாமிக்கு வைக்கிற சந்தனம் எப்படிக் கெடுக்கும் என்று கேட்டார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த தூளைக் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்தவர் முகம், நான் எதிர்பார்க்காத மாதிரி மலர்ந்துவிட்டது.

"அப்போ உன் கைமேல தப்பு இல்லமா. நானே தெருவுல எல்லாருகிட்டயும் சொல்றேன். இனிமே பொட்டு வெக்கல, நீ நிம்மதியா உக்காந்து தெச்சிக்கினு இரு."

நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை அது, அதோடு சேர்த்து மெஷினையும் என் மடியில் வைக்கிறார். வாங்கிக்கொண்டால் கைராசிக்காரியாக அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

"எனக்குத் தைக்க வரும் அத்தை. அது உங்களுக்குத் தெரியணும்னுதான் தெச்சேன். இனிமே தைக்க மாட்டேன். திங்கக்கிழமை கம்பெனிக்குப் போறேன்."

அவருக்குப் புரியவே இல்லை. ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, நல்லா ஓடுற மெஷினை விட்டுவிட்டு எவளாவது வெளியே வேலைக்குப் போவாளா என்று கேட்டார்.

"நான் போவேன்" என்றேன்.

திங்கட்கிழமை இருட்டோடு பஸ் வந்தது. பழுது ஒன்றும் இல்லாத மெஷினை வீட்டில் விட்டுவிட்டு ஏறினேன்.