தாய் அட்டையில் எழுதிய வயது

என் வீட்டில் அந்த வருடம் இரண்டு பேர் கர்ப்பமாக இருந்தார்கள். மருமகளுக்கு முப்பது வயது. மகளுக்குப் பதினேழு.

மருமகளுக்கு ஐ.டி. வேலை. குழந்தை எப்போது என்று மகனும் அவளும் பேசி முடிவெடுத்தார்கள். கம்பெனி இன்சூரன்ஸ், ஆறு மாத விடுப்பு, பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மகன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் படம் அனுப்புவான். மகள் பி.யூ.சி.யை, அதாவது பிளஸ் டூ படிப்பை, பாதியில் நிறுத்தியிருந்தாள். பையன் லிங்கராஜபுரத்தில் பைக் மெக்கானிக், இருபத்தொரு வயது. அவள் என்னிடம் சொன்னபோதே நாலு மாதம்.

வயதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து தள்ளி இருந்த ஒரு ஹெல்த் சென்டருக்கு அழைத்துப்போனேன். கர்ப்பிணிகளுக்குத் தரும் தாய் அட்டையை எழுதிய பெண்ணிடம், ஆதார் ஊரில் இருக்கிறது, வயது பத்தொன்பது என்றேன். நான் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள். பிள்ளையின் பிறந்த தேதியை ஒரே ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சியவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மருமகளின் வளைகாப்பில் மகள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என் நாத்தனார் மீந்த வளையல்களை அவள் கையில் அடுக்கிவிட்டு, "அடுத்தது உனக்குத்தான்டி, ரெடியா இரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழாம் மாதத்தில் மகளுக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன. தலை வெடிக்கிறது என்று அழுதாள். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நிஜ ஹேளி அம்மா" என்று கன்னடத்தில் கேட்டவர் தமிழுக்கு மாறினார். "உண்மையைச் சொல்லுங்க. இவ்ளோ சின்ன வயசுன்னா நான் வேற மாதிரி பார்க்கணும். உயிர் விஷயம்."

மகள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பதினேழு" என்றேன்.

கையை விட்டுவிட்டாள். "ஏம்மா சொன்ன? அவன இழுத்துட்டுப் போயிடுவாங்கம்மா."

"படிச்சவங்கதானே நீங்க?" என்று மட்டும் கேட்டார் டாக்டரம்மா. உடனே வார்டில் சேர்த்தார்கள். ஸ்டேஷனுக்கும் தகவல் போனது. அன்று சாயங்காலமே பையனை ஒர்க்‌ஷாப்பிலிருந்து அழைத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நான் கொண்டுபோன சாப்பாட்டை நர்ஸ் எடுத்துக் கொடுத்தால்தான் தின்றாள். எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். கைக்குள் அடங்கும் பெண் குழந்தை. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தது. அவளும் பிழைத்தாள்.

டிஸ்சார்ஜ் அன்று பிறப்புப் பதிவுக்கான படிவத்தை நீட்டினார்கள். தாயின் வயது என்ற இடத்தில் என் பேனா நின்றது.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அதையாவது சரியா எழுதும்மா" என்றாள்.