அந்தப் பொண்ணா? அவ அப்பவே போயிட்டா

லிஃப்ட் கம்பெனியில் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். டீயைக்கூட நடந்துகொண்டே குடிக்கிற ஆள். எண்ணெய் போட்டு, கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்த்து, கதவைத் துடைத்துவிட்டு மற்ற மெக்கானிக்குகள் அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் இன்னும் இரண்டு மாடி ஏறி, வயதானவர்கள் இருக்கிற வீடாகப் பார்த்து மணியடிப்பார்.

"லிஃப்ட் சரியாயிடுச்சும்மா. அப்புறம், வீட்ல பழைய ரெக்கார்டு ஏதாவது கிடக்குதா? பாட்டு ரெக்கார்டு?"

பாதிப் பேர் இவன் யாரடா என்று கதவைச் சாத்துவார்கள். மீதிப் பேர், "பரண்மேல இருக்கு, நீங்களே ஏறி எடுத்துக்குங்க, எங்களால முடியாது" என்பார்கள். அப்படி வந்து சேர்ந்தவை அவர் வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு, இப்போது நடைவழியிலும் கால் வைத்திருந்தன.

பேர் பெற்ற பாடகர்களை அவர் சீண்டுவதில்லை. அறுபதுகளில் யாரோ ஒரு சின்ன முதலாளி, வாடகை ஸ்டுடியோவில் பதிவு செய்து, சில நூறு தட்டுகள் அடித்து, விற்காமல் மூட்டை கட்டிப் போட்ட பாப் பாட்டுகளும், சோல் என்கிற உருக்கமான மேற்கத்திய பாணிப் பாட்டுகளும்தான் அவருக்கு வேண்டும். பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டுகள். பாடினது யார், டிரம்ஸ் அடித்தது யார், பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிகிறவரை சாப்பாடு இறங்காது. தெரிந்துவிட்டால் அந்தத் தட்டு அலுத்துவிடும்.

"உங்களுக்குப் பாட்டும் வேணாம், பாடினவங்களும் வேணாம். தேடிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்" என்பாள் மனைவி. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவள். வெட்டுகிற மாதிரியே பேசுவாள்.

ஒரு தட்டு மட்டும் அலுக்கவே இல்லை. அதன் பின்பக்கப் பாட்டில் ஒரு பெண் தன்னை விட்டுப் போனவனிடம் பேசுகிறாள். உன் மழைக்கோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாய், கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, மழை வந்தால் வந்து எடுத்துக்கொள் என்கிறாள். கெஞ்சுகிற வரிகள், ஆனால் குரலில் கெஞ்சலே கிடையாது. அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, அதற்கு மேல் வெயிலில் காய்ந்த துணி மாதிரி ஒரு விறைப்பு. இரண்டாவது சரணத்தில் மட்டும் அந்தக் குரல் சட்டென்று தடுக்கும். ஒரு சொல் பாதியில் நின்று, அடுத்த வரி அவசரமாகத் தொடங்கும். அந்த இடத்துக்காகவே ஊசியைத் திரும்பத் திரும்ப வைப்பார்.

தட்டில் பாடகியின் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் வேறொரு தட்டும் வரவில்லை. பல வருடம் அலைந்து, அவளோடு வாசித்த குழுவில் கிடார் வாசித்தவரை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிடித்தார். கடை அவருடையது.

"அந்தப் பொண்ணா? அவ அப்பவே போயிட்டா" என்றார் கிடார்காரர்.

"அப்பவேன்னா, எந்த வயசுலங்க?"

"இருபத்தொண்ணு, இருபத்திரண்டு இருக்கும். பாவம், நல்ல பொண்ணு."

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பம்பரத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கிளம்பிவிட்டார்.

ரெக்கார்டு சேர்க்கிறவர்கள் சிலர் கூடி ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார்கள். அதில் இவர் எழுதினார். இருபத்திரண்டாம் வயதில் காலமான அந்தப் பாடகி, மரணத்தின் நிழல் தன்மீது விழுவதை அறிந்தவள்போல இரண்டாம் சரணத்தில் அழுகையை விழுங்குகிறாள் என்று ஒரு பத்தி. எழுதி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. கீழே, மேலும் விவரம் தெரிந்தவர்கள் அழைக்கவும் என்று ஃபோன் நம்பரும் போட்டிருந்தார்.

அழைப்பு வந்தபோது அவர் ஓர் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் பெட்டிக்கு மேலே நின்றுகொண்டிருந்தார்.

"பாட்டு ரெக்கார்டு பத்தி எழுதினது நீங்கதானே தம்பி?"

"ஆமாம்மா. நீங்க யாரு பேசறது?"

"நீங்க சாகடிச்சீங்களே, அவதான்."

பம்பரம் அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா நிதானமாகப் பேசினார். "என் பொண்ணு ஆபீஸ்ல யாரோ படிச்சிருக்காங்க. அவ அரண்டுபோய் எனக்கு ஃபோன் பண்றா. நான் உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கேன். யாரு தம்பி உங்களுக்குச் சொன்னது, நான் செத்துட்டேன்னு?"

"போயிட்டாங்கன்னு சொன்னாரும்மா, கிடார் வாசிச்சவரு."

"குழுவை விட்டுப் போயிட்டேன். அதைத்தான் சொல்லியிருப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பரம் அந்தம்மா வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். பாடகி பருத்த உடம்பும் சிரித்த முகமுமாகக் கதவைத் திறந்தார். உள்ளறையில் அவருடைய கணவர் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரம் வாசலிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். உயிரோட இருக்கான்னு அடுத்த தடவை போட்டுடுங்க, போதும்." பாடகி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் இன்னொண்ணு. அது என் குரல் இல்ல."

தன்னடக்கம் என்று நினைத்து பம்பரம் சிரித்தார். பாடகி சிரிக்கவில்லை. மேசையில் விரலால் தாளம் போட்டு, கோட்டுப் பாட்டின் முதல் இரண்டு வரிகளை மெல்லப் பாடிக் காட்டினார். சுருதி பிசகவில்லை. நல்ல குரல், மெலிந்த குரல். ஆனால் அது தட்டில் பாடியவள் இல்லை. எத்தனை வயதானாலும் அந்தக் குரல் இந்தக் குரலாக ஆக முடியாது என்று பம்பரத்துக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஸ்டுடியோ சாயங்காலம் வரைக்கும்தான். முதலாளி தலையில கை வச்சுக்கிட்டாரு. ஆபீஸ்ல ஒரு டைப்பிஸ்ட் இருந்தா, வேலை செய்யும்போது எதையாவது முனகிட்டே இருப்பா. அவளை இழுத்துட்டு வந்து மைக் முன்னால நிறுத்தினாரு. என் பேர்ல லேபிள் முன்னாடியே அச்சடிச்சாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மேடையில நான்தானே பாடணும். ரெக்கார்டுல வேற மாதிரி இருந்துச்சேன்னு ஜனங்க கேட்டாங்க. நாலு மேடை பாத்தேன். போதும்னு விட்டுட்டேன்." சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்த டைப்பிஸ்டோட அண்ணனைத்தான் கட்டிக்கிட்டேன். இந்தப் பாட்டைக் கேட்டுட்டு, பாடினவளைப் பாக்கணும்னு வந்த மனுஷன். என் நாத்தனாரும் வாயைத் திறக்கல, நானும் திறக்கல. இந்த வயசுலயாவது யாராவது எழுதிடுங்களேன். எனக்கு மூச்சு முட்டுது."

பம்பரத்துக்கு அதற்குமேல் அந்த நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நாத்தனார் எங்கே என்று கேட்டார். நாலு தெரு தள்ளி என்றார் பாடகி. காபி ஆறிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

டைப்பிஸ்ட் அம்மா ஒல்லியாக, வெடுக்கென்று இருந்தார். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இவர் வந்த காரணத்தைச் சொன்னபோதும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஆமா, நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கப்புறம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கீங்களாம்மா?"

"எங்க கேக்கறது?"

அவர் தன் ஃபோனில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டார். டைப்பிஸ்ட் அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது சரணம் வந்தது. குரல் தடுக்கியது. பம்பரம் பாட்டை நிறுத்தினார். தான் எழுதியதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இந்த இடத்துல உங்க மனசுல என்னம்மா இருந்துச்சு?"

"ஃபோன் அடிச்சுதுங்க."

"என்னது?"

"பக்கத்து ரூம்தானே ஆபீஸ். ஃபோன் எடுக்க வேண்டியது நான். ரெண்டு தடவைக்கு மேல அடிக்க விட்டா முதலாளி கத்துவாரு. கால் தானா கதவுப் பக்கம் திரும்பிடுச்சு. அப்புறம்தான் பாடிட்டிருக்கோமேன்னு ஞாபகம் வந்துச்சு, விட்ட இடத்துலேர்ந்து ஓடிப் பிடிச்சேன்."

பம்பரம் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டார். டிரம்ஸுக்கு அடியில், மெலிதாக, மணி அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் அதைச் சலங்கைச் சத்தம் என்று நினைத்திருந்தார்.

"இதெல்லாம் எழுதிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா, மறுபடி பெட்டியை எடுத்து. "எங்க அண்ணி எழுதச் சொல்லுவாங்க. அப்புறம் எங்க அண்ணன் முகத்தைப் பாத்துட்டு உக்காந்து அழுவாங்க. அவங்க பேரு அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த இதழில் பாடகி உயிரோடு இருக்கிறார், நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறேன் என்று மட்டும் போட்டார். இதழ் வந்த அன்றே பாடகியின் ஃபோன் வந்தது.

"எங்க அவ பேரு?"

"அவங்க வேணாம்னுட்டாங்கம்மா."

"செத்தவ நானு. நான் சொல்றேன், எழுதுங்க."

அன்றிலிருந்து அவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி ஆகிவிட்டார். பெயர் தெரிந்துவிட்டது, எழுதத்தான் வழியில்லை. வேலையில் கவனம் தப்பியது. ஒரு கட்டடத்தில் மோட்டார் அறையைப் பூட்டாமல் வந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து திரும்ப ஓடினார். வீட்டில் தட்டுகளை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்தார்.

மனைவி ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏங்க, அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. நடுவுல நீங்க எதுக்கு? அவங்களே பேசி முடிக்கட்டும்னு சொல்லுங்க" என்றாள்.

அப்படியே பாடகியிடம் சொன்னார். பாடகி பேசப் போகவில்லை. பத்திரிகையின் முந்தைய இதழை எடுத்துக்கொண்டு போய், மரணத்தின் நிழல் என்கிற பத்தியை நாத்தனாருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் டைப்பிஸ்ட் அம்மா கூப்பிட்டார்.

"நான் எங்கங்க அழுதேன்?"

"அது வந்தும்மா..."

"எவனோ ஒருத்தன் கோட்டைக் கட்டிக்கிட்டு அழுத பொம்பளைன்னு எழுதி வச்சிருக்கீங்க. நிழலாமே, நிழல். எனக்கு அன்னிக்குச் சாப்பிடக்கூட நேரமில்ல. ஃபோன் அடிச்சுது. அதைப் போடுங்க."

"ஃபோன் அடிச்சுதுன்னு போட்டா, அதை எடுக்க வேண்டியவங்க யாருன்னும் போடணுமேம்மா."

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, அதையும் போட்டுத் தொலைங்க."

எழுதினார். இந்த முறை நிழல் இல்லை, கண்ணீர் இல்லை. தொண்டை கட்டியது, லேபிள், டைப்பிஸ்ட், ஃபோன் மணி, அவ்வளவுதான். வெளியூர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். சிலர் நம்பவில்லை. சிலர் மணி கேட்கிறது என்றார்கள். ஒருவர் டைப்பிஸ்ட் அம்மாவைத் தேடிப் பிடித்து மேடையில் பாட முடியுமா என்று கேட்க, ராங் நம்பர் என்று வைத்துவிட்டாராம்.

பாடகியிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. பம்பரத்துக்கு அந்த வாரம் ஓடவில்லை. கடைசியில் இவரே பாடகிக்கு ஃபோன் போட்டார்.

"வீட்டுக்காரரு படிச்சாரு தம்பி. ரெண்டு நாள் டிவியே போடல. அப்புறம் நானே கேட்டேன், என் மேல கோவமான்னு."

"என்ன சொன்னாரு?"

"‘நாப்பது வருஷத்துக்கு மேல நீ சமையல்கட்டுல பாடறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், எனக்கென்ன காது இல்லையா’ன்னாரு. அது நான் இல்லன்னு கல்யாணமான புதுசுலயே தெரியுமாம். யாருன்னு மட்டும்தான் தெரியலையாம்." பாடகி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஃபோனில் தெரியவில்லை. "வீட்ல அவ பாடினதே இல்லையே தம்பி, அவருக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பம்பரத்தையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மாவும் பம்பரத்தின் மனைவியும் எந்தத் துணி இஸ்திரிக்கு அடங்கும், எது அடங்காது என்று பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பம்பரம் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் பாடகியின் கணவர், அந்தப் பாட்டைப் போடுங்கள், சத்தமாகப் போடுங்கள் என்றார். டைப்பிஸ்ட் அம்மா எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனார். அண்ணன் பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மணி அடித்த இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுது, வா" என்றார் அண்ணன்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தட்டின் முன்பக்கப் பாட்டில் ஆர்கன் வாசித்தது யார் என்று கேட்க மறந்துவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு எட்டுத் திரும்பிப் போய்விட்டு வரலாமா, மனைவியை எழுப்பினால் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.