பாண்டுரங்கன் கடித்த கம்பி

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருந்த தணிகாசலத்தின் மோட்டார் ஷெட்டுக்கு ஆள் வந்ததே ஃபிட்டர் பாண்டுரங்கனின் காதுக்காகத்தான். ஓடுகிற இன்ஜின்மேல் ஒரு நீளக் கம்பியை ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். கோளாறு எந்த இடத்தில் என்று விரலை வைத்துச் சொல்லிவிடுவான். "பாண்டு காதுக்கு எதுவும் தப்பாது" என்று முதலாளி தணிகாசலம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தக் காதுதான் போய்விட்டது. முதலில் இடது, பிறகு வலது, ஆயிற்று இரண்டு வருஷம். பெண்டாட்டி கெங்கம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். காது கேட்காத ஃபிட்டரை எவன் வைத்துக்கொள்வான்? அவள் பாவம், அக்கம்பக்கம் தெரிந்துவிடக் கூடாதென்று வீட்டுக்குள்கூடக் கத்திப் பேசமாட்டாள். கை ஜாடையிலேயே குடித்தனத்தை நடத்தினாள். ஷெட்டில் அவன் அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைப்பை ஓட்டினான். கம்பி மட்டும் அவனைக் கைவிடவில்லை. பல்லில் ஏறுகிற அதிர்வு அவனுக்குப் போதுமாக இருந்தது.

முப்பத்துநாலாம் வருஷம் என்று ஞாபகம். திருவல்லிக்கேணி ஜட்காக்காரர் ஹபீபுர் ரஹ்மான் குதிரையை விற்றுவிட்டு, டாக்ஸி ஓட்ட ஒரு பழைய கார் பார்த்திருந்தார். தரகன் சுப்பராயன் கொண்டுவந்த வண்டி. பெயின்ட் புதுசு, ஓட்டினால் கியரில் இம்மி சத்தம் இல்லை. பாண்டுரங்கன் சரி என்றால் அன்றே கிரயம்.

சுப்பராயன் ஓட்ட, அடையாறு பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பாண்டுரங்கன் கியர் கம்பின்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பாலத்து ஏற்றத்தில் அது குளிர்ஜுரக்காரன் கை மாதிரி நடுங்கிற்று. ஷெட்டுக்கு வந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்குள் கால் வைக்கிற பலகையைத் தூக்கி, கியர்பாக்ஸில் கம்பியை ஊன்றிக் கடித்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. பேரிங் தேய்ந்து, உள்ளே தண்டு ஆட்டம் கண்டிருந்தது.

மற்றவர்களோ வண்டி பூனை மாதிரி போகிறதென்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி சத்தமே போடவில்லை என்பது அவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. சத்தமே போடாத வண்டியில் கோளாறு என்றால், எந்தச் சத்தத்தைக் கேட்டாய் என்பார்கள். குட்டு உடைந்துபோகும். நல்ல வண்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் இவன் சோற்றுக்குப் பங்கமில்லை. ஹபீபு வீட்டில்தான் மூன்றே மாதத்தில் உலை கொதிக்காது. அட, அந்த மனுஷன் குதிரையையே விற்றுவிட்டல்லவா நிற்கிறார்!

"வாங்காதீங்க பாய். கியர்பாக்ஸ் கெட்டுப்போயி கீது."

சுப்பராயன் தையத்தக்கா என்று குதித்தான். தணிகாசலம் வாதாடவில்லை, திறந்தே பார்த்துவிடலாம் என்று மூடியைக் காட்டினார். பாண்டுரங்கன் கழற்றி உள்ளே கையை விட்டான். எண்ணெயோடு மரத்தூளும் வாழைத்தோலும் குழைந்து களியாக வந்தது. தேய்ந்த கியர்ப் பல்லின் முனகலை அடக்கத் தரகர்கள் அடைக்கிற சரக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தான் படுபாவி. வழித்துப்போட்டு மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு, இரண்டு விரலால் தொட்டாலே தண்டு ஆடியது. சுப்பராயன் முகத்தில் ஈயாடவில்லை. தன் செலவிலேயே சரிபண்ணித் தருவதாக ஒப்புக்கொண்டான்.

எந்தச் சத்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாருக்கும் கேட்காதது பாண்டுவுக்குக் கேட்டதே என்று அவன் காதின் பெருமைதான் இன்னும் ஏறிற்று. நாலு நாள் வேலை. மவுண்ட் ரோட்டிலிருந்து புது பேரிங் வந்தது. தண்டு ஆடாமலிருக்கப் பித்தளையில் புஷ் வளையம் கடைந்து போட்டான். பல் தேய்ந்த கியர்ச் சக்கரங்களை மாற்றினான். ஐந்தாம் நாள் அதே பாலத்து ஏற்றத்தில் கியர் கம்பு அவன் கைக்குள் ஆடாமல் அசையாமல் இருந்தது.

ஷெட்டு வாசலில் வண்டி நின்றதும் ஹபீபுர் ரஹ்மான் இறங்கி வந்து, பாண்டுரங்கனின் இரண்டு காதையும் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பாண்டுரங்கனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அதுங்களத் தொடாதீங்க பாய். ரெண்டும் கேக்காம ரெண்டு வருஷமாச்சி. கையிலதான் தெரிஞ்சிச்சி. காது கேட்டிருந்தா நானும் உங்களாட்டம் ஏமாந்திருப்பேன்."

தணிகாசலம் அவனையே வெறித்துப் பார்த்தார். கோபமா வருத்தமா, அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு வெற்றிலை அடைத்த வாயோடு என்னவோ சொன்னார். இப்படிப் புரியாமல் போகும்போதெல்லாம் தலையை ஆட்டிவைப்பது பாண்டுரங்கன் வழக்கம். அன்றைக்கு ஆட்டவில்லை.

"இன்னா சொன்னீங்க மொதலாளி? கேக்கல."

தணிகாசலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவன் எதிரே வந்து முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. ரெண்டு வண்டி நிக்குது."