மரியம் பூவை மறித்த நாள்

பிரெஞ்சு ஆட்சி போய் ஓராண்டு ஆகியிருந்த மழைக்காலம் அது. நான் வில்லியனூரில் ஆசிரியராக இருந்தேன். என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வலி கண்டு இரண்டாம் நாள்.

எங்கள் கிறிஸ்தவ வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது. அவ்வீட்டம்மாள் ஐந்து பிள்ளை பெற்றவர். என் மனைவி அவரை அக்கா என்றே கூப்பிடுவாள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவள், அவரிடம் வேலியோரம் நின்று மணிக்கணக்கில் பேசுவாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் கையிலிருக்கும் புத்தகத்தின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். இதை எவரிடமும் சொன்னதில்லை.

வலி தொடங்கியபோது மனைவியிடம் ஒன்று சொன்னேன். தேவமாதா நோவில்லாமல் பெற்றவள், அவளை நினைத்துச் சத்தமின்றிப் பொறுத்துக்கொள் என்றேன். படித்தவன் சொன்னதாயிற்றே, முந்தானையைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மறுநாள் காலை மருத்துவச்சி வெளியே வந்தாள். இப்படி மூச்சை அடக்கினால் பிள்ளை எப்படி இறங்கும், இனி இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்நேரம் அடுத்த வீட்டம்மாள் வந்தார். அவர் கையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீரில் காய்ந்த பூ ஒன்று மெல்ல விரிந்துகொண்டிருந்தது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவரும் மரியம் பூ. பிரசவ வேளையில் அதை நனைத்து அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நான் வாசலை மறித்து நின்றேன். மரியாள் எங்கள் மாதா, அவள் பெயரில் உங்களுக்கு என்ன பூ என்று கேட்டேன். என் மனைவியை எடுத்துக்கொண்டது போதாதென்று மாதாவையும் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்களா வாத்தியாரே?" என்றார். பிறகு என்னைத் தாண்டி அறைக் கதவை நோக்கிக் குரலை உயர்த்தினார்.

"மரியம் பீவி நோவு தாங்காம தன்னந்தனியா பேரீச்ச மரத்தப் புடிச்சிக்கினு, இதுக்கு முன்னாடியே செத்துப்போயிருக்கக் கூடாதான்னு அழுதாங்கடி. எங்க வேதத்துலயே இருக்கு. அவங்களே அழுதாங்க, உனக்கு இன்னாடி? வாய வுட்டுக் கத்து."

உள்ளிருந்து மெலிந்த குரலில், "அவங்களும் அழுதாங்களாக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

அடுத்து எழுந்த அலறலில் என் கால்கள் தாமாக விலகி அவருக்கு வழிவிட்டன. அந்தத் தண்ணீரை அவள் குடித்தாளா என்று நான் கேட்டதில்லை. உச்சிப்பொழுதுக்குள் பெண் குழந்தை பிறந்தது. வெளியே நின்றிருந்த எனக்குக் கேட்டது, என் மனைவி அக்காவைக் கூப்பிடும் குரல்தான்.

அடுத்த வீட்டம்மாள் முன்பே போய்விட்டார்; என் மனைவி இவ்வாண்டு காலமானாள். ஒருத்தியை அழவிட்டுக் காப்பாற்றிய அந்த அம்மாளுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்; ஆயினும் 'கத்து' என்ற அச்சொல் என் வாயிலிருந்து வந்திருக்கலாகாதா என்ற பொறாமை, பொறாமைப்பட இருவரும் இல்லாத இந்நாளிலும் என்னை விட்டு அகலவில்லை.