குறி வைத்துத்தான் எறிந்தேன்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மெல்பேர்னில் ஒரு கல்லூரியின் பேஸ்போல் அணிக்கு ஏழு வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவனும் நான்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் அந்தக் கல்லூரியின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சலவைச் சோடாத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசியும். பின்கதவைத் திறந்தால் மைதானம். மாணவர்கள் அடித்துப் பழகப் பந்து போட ஆளில்லை என்று பயிற்சியாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். எனக்கென்ன, யாழ்ப்பாணத்தில் எல்லே விளையாடியவன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு அது. அதில் பந்து போடுகிறவன் அடிக்கிறவனுடைய கட்சிக்காரன். அவன் கேட்ட இடத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். என் பந்தை அடிக்காத பொடியன் அந்தக் கல்லூரியில் இல்லை. இரண்டு குளிர்காலம் சும்மா போட்டேன். பிறகுதான், மைதான வேலையோடு சேர்த்து உதவிப் பயிற்சியாளர் பதவி ஒன்று வருகிறது, உன்னைச் சிபாரிசு செய்கிறேன் என்றார் பயிற்சியாளர்.

திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்ததால் என்னையும் இறக்கினார்கள். எதிர்க்கட்சியில் பயிற்சியாளரே நின்று அடித்தார். பந்து என் கைக்கு வந்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். எல்லேயில், ஓடுகிறவன்மேல் பந்து பட்டால் அவுட். பேஸ்போலில் அப்படியில்லை என்பது என் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஓங்கி எறிந்தேன். நடு முதுகில் பட்டு மனிதர் குப்புற விழுந்தார். நான் இரண்டு கையையும் தூக்கி "அவுட்!" என்று கத்தினேன். வேறு ஒருவரும் கத்தவில்லை.

குசினியில் சமையல்காரர், அவரும் யாழ்ப்பாணத்தவர், எனக்காகவே காத்திருந்தார்.

"என்னடா, வேலை தாற மனிசனையே விழுத்திப்போட்டியாம்?"

"எல்லே பழக்கம், அண்ணை."

"உன்ர எல்லேயை ஆர் கேட்டது? திங்கக்கிழமை போய், கை வழுக்கிட்டுது எண்டு சொல்லு. விட்டிடுவாங்கள்."

"என்ர கை வழுக்காது."

"ஓமோம், பெரிய கை! சட்டி கழுவியே சாகு."

திங்கட்கிழமை பயிற்சியாளர் கதிரையில் சாய முடியாமல் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் கல்லூரி அதிபர்.

"பந்து தவறுதலாகத்தானே பட்டது?" என்று அதிபர் கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால், வேலை போனாலும் போகட்டும், குறி தவறியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். இல்லை, நடு முதுகுக்குத்தான் எறிந்தேன், எங்கள் விளையாட்டில் அது அவுட், தலையில் படக்கூடாதென்று தாழ்த்தி எறிந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

பயிற்சியாளர் சிரிக்கப்போய் வலியில் முகத்தைச் சுளித்தார். "அவ்வளவு தூரத்திலிருந்து, ஓடுகிற ஆளின் நடு முதுகு! நம்முடைய பையன்களுக்கு நிற்கிற ஆளின் கைக்கே எறியத் தெரியாது. இவர் பழக்கட்டும்" என்று அதிபரிடம் சொன்னார்.

"மனிதர்மேல் வேண்டாம்" என்றார் அதிபர், நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபடி.

வெளியே வந்ததும் படியில் குந்திவிட்டேன். சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது, பசியும் வந்தது. குசினிக்குள் போய் அண்ணையிடம் சொல்லிவிட்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

"தின்னு, தின்னு" என்றார் அவர். "நாளைக்கு உந்தச் சட்டியளை ஆர் கழுவுறது எண்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே!"