தைலமரத் தோப்பும் ஒரு நீலக் கோடும்

1. பிளாட்டருக்குப் பக்கத்து நாற்காலி

சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும், எங்கள் ஸ்ரீராம்புரம் சந்தில் பாதிப் பேர் நான் மரம் நடப் போகிறேன் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் குப்பை பிரிக்கிற வேலை என்று முடிவு கட்டினார்கள். மேப் போடுகிற வேலை என்று அம்மாவிடம் விளக்கினேன். "அதான் உலகத்துக்கே மேப் போட்டாச்சே, இன்னும் என்னத்தப் போடப்போற?" என்றாள். நியாயமான கேள்விதான். பி.ஏ. ஜியாகிரபியும் கம்ப்யூட்டரில் மேப் போடச் சொல்லித் தரும் ஒரு ஜி.ஐ.எஸ். கோர்ஸும் முடித்த எனக்கே அப்போது பதில் தெரியாது.

ஒருவர் குவாரியோ தொழிற்சாலையோ வீட்டு மனை லேஅவுட்டோ போடுவதற்கு முன், அதனால் அங்குள்ள தண்ணீருக்கும் காற்றுக்கும் மரத்துக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை எழுதுவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். அதற்கு வேண்டிய மேப்பைப் பிரிண்ட் போடும் பெரிய மெஷின் பிளாட்டர். முதல் நாள் என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வேலை, கலர் அடிப்பது.

எங்கள் பாஸ் மூர்த்தி சார் கன்னடக்காரர். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். கிளையன்ட் முதலில் கலரைத்தான் பார்ப்பான், அதனால் மேப் அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஏரிக்கு எந்த நீலம், வயலுக்கு எந்தப் பச்சை என்று ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டேன். சொன்னால் என்ன, என் மேப் பார்க்க நன்றாகவே இருக்கும்.

2. மேட்டில் ஒரு மோரி

சில வருடம் கழித்து, நகரத்தின் கிழக்கு ஓரத்தில் வரவிருந்த ஒரு பெரிய லேஅவுட்டின் மேப் வேலை முழுவதையும் சார் என்னிடம் கொடுத்தார். இது ஒழுங்காகப் போனால் மேப் செக்‌ஷனே என் பொறுப்பு என்றும் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பதை, சாட்டிலைட் எடுத்த உயரக் கணக்கை வைத்து சாஃப்ட்வேரே கோடாகப் போட்டுக் கொடுத்துவிடும். அது போட்ட நீலக் கோடு மேல் ஏரியில் கிளம்பி, லேஅவுட் நிலத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு கீழ் ஏரிக்குப் போனது. கிளையன்ட்டுக்குக் கொண்டாட்டம், தண்ணீருக்காக ஒரு மனையும் விட வேண்டாம். நான் கலர் அடித்துக் கொடுத்தால் போதும்.

எங்கள் ஆபீஸில் மேப் போடுகிறவர்கள் ஃபீல்டுக்குப் போகும் வழக்கம் கிடையாது. தண்ணீர் சாம்பிள் எடுக்கிறவர்கள்தான் போவார்கள். ஒரு நாள் அவர்கள் ஜீப்பில் இடம் இருந்தது. நானும் போகட்டுமா என்று கேட்டேன். "மேப் டீமுக்கு ஃபீல்டு எதுக்கும்மா? பிளாட்டருக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று சார் சிரித்தார். சிரிக்கட்டும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

லேஅவுட் நிலத்தை ஒட்டி ஒரு தைலமரத் தோப்பு. மேப்பில் அந்த இடம் நல்ல மேடு. அதை ஒட்டிப் போகிற ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு கல் மோரி இருந்தது, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மேட்டில் எவனாவது மோரி கட்டுவானா?

தோப்புக்குள் நடந்தேன். ஏறவேண்டிய தரை இறங்கிக்கொண்டே போனது. நடுவில் வாய்க்கால் போல ஒரு பள்ளம், அது நிறையச் சருகு. அந்தப் பள்ளம் நேராக லேஅவுட் நிலத்துக்குள் போனது. அப்போதுதான் விளங்கியது. நெருக்கமாக, ஒரே உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் மரங்களின் தலையைத்தான் சாட்டிலைட் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தோப்பை மேடு என்று நம்பி, சாஃப்ட்வேர் தண்ணீரைச் சுற்றி அனுப்பிவிட்டது.

சாரிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் மறுநாளே சர்வே ஆட்களை அனுப்பித் தோப்புக்குள் தரை மட்டத்தின் லெவல் எடுக்கவைத்தார். புதுக் கோடு லேஅவுட்டின் நடுவே, கிளையன்ட் நல்ல விலை வைத்திருந்த மனைகள், அவர்கள் சொல்லும் சைட்டுகள், மேலேயே ஓடியது.

3. மீட்டிங்

கிளையன்ட்டின் மேனேஜர் வேலூர்ப் பக்கத்துக்காரர். மேப்பை வெகுநேரம் பார்த்தார். நேற்றுவரை வெளியே ஓடிய தண்ணீர் இன்றைக்கு எப்படி உள்ளே வந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு சார் பக்கம் திரும்பினார்.

"ஒரு கோடுதானே சார், எடுத்துருங்க. இல்லன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்."

சார் மேப்பைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். போச்சு, செக்‌ஷனும் போச்சு, வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அந்தச் சைட்டில் வீடு கட்டிக் குடிவரப்போகிறவர்கள் கண்முன் வந்தார்கள். எங்கள் சந்தில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் என்ன பாடு என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"கோட்ட இப்பவே எடுத்துடலாம் சார், ஒரு க்ளிக்தான். ஆனா மழ பேஞ்சா தண்ணி என் மேப்ப பாத்துட்டு வராது. அந்த மோரி வழியாத்தான் வரும். வாங்க, காட்டறேன்."

மேனேஜர் முறைத்தார். மூர்த்தி சார் எழுந்து கார் சாவியை எடுத்தார். "ஸ்வல்ப நடக்கணும் சார், கொஞ்ச தூரம்தான். நானும் வரேன்" என்றார்.

மேனேஜர் மோரிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு பள்ளத்தோடு நடந்து, தன் கம்பெனியின் எல்லைக்கல் வரைக்கும் வந்து நின்றார். அப்புறம் போனை எடுத்து, அந்த லைனில் வருகிற சைட்டெல்லாவற்றையும் பிளானிலிருந்து தூக்கச் சொன்னார். எனக்கு ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை. தேவையும் இல்லை.

திரும்பும்போது சார், "இனிமே மேப் டீம் ஃபீல்டு பாக்காம பிரிண்ட் போடக் கூடாது. செக்‌ஷன் உன்னுது, நீயே எல்லாருக்கும் சொல்லிடு" என்றார். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

4. போன மழைக்காலம்

இப்போது என் டீமில் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் கம்ப்யூட்டர் கிடையாது, ஃபீல்டுதான். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஸ்கிரீனில் தெரிவதை நம்பு, ஆனால் நடந்து பார்த்தபின் நம்பு. இத்தனை வருடத்தில் நான் கற்றது அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அந்த லேஅவுட் வழியாகப் போக நேர்ந்தது. முந்தின நாள் நல்ல மழை. சைட் போடாமல் நடுவில் விட்ட அகலமான புல்வெளியில் தண்ணீர் சலசலவென்று கீழ் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இறங்கி நின்று ஆசைதீரப் பார்த்தேன். அங்கே குடியிருக்கும் ஒருவர் குடையோடு வந்து, நான் இடம் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"எவ்ளோ எடம் பாருங்க மேடம், எத்தன வீடு கட்டியிருக்கலாம். எந்தப் புத்திசாலி போட்ட பிளானோ, சும்மா வுட்டுட்டாங்க."

உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்கா? இங்கெல்லாம் தண்ணி வராது மேடம். நல்லா விசாரிச்சுத்தான் வாங்கினோம்."

அந்தப் புத்திசாலி யார் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் வீடு நனையவில்லை, அது போதும். இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: நான்தான்.